அமீலியாவின் பாட்டு: கடலின் இரு கரைகளில் பிரிந்து கிடந்த ஐந்து வரிகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில், சவானா நகருக்குத் தெற்கே, ஹாரிஸ் நெக் என்ற மீனவக் குடியிருப்பு இருந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கே அமீலியா டாலி என்ற பெண்மணி, ஒரு மொழியியலாளரின் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடினார். வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டுக் கற்ற பாட்டு. அதில் ஒரு சொல்லுக்குக்கூட அவருக்குப் பொருள் தெரியாது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக் கடலின் மறுகரையில், சியரா லியோன் நாட்டின் செனஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெந்து ஜபாட்டி என்ற பெண் அந்தப் பதிவைக் கேட்டார். அது தன் பாட்டி தனக்குக் கற்றுக்கொடுத்த பாட்டு என்றார். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் தம் குடும்பத்தோடு அந்த ஊர் மண்ணில் காலடி வைத்தார்.

இசை பிரிந்தவர்களைச் சேர்த்தது என்று இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் இதில் உழைத்தவர்களெல்லாம் மறைந்துபோகிறார்கள். இரண்டு குடும்பங்களின் பெண்கள் கடமையாக எண்ணிச் சுமந்தார்கள். ஒருவர் ஒலி மாறாமல் பதிந்து வைத்தார். ஒருவர் ஒரு வட்டாரச் சொல்லைப் பிடித்தார். இந்தக் கண்ணிகளில் எது அறுந்திருந்தாலும் அந்தப் பாட்டு ஒரு குழந்தைப் பாட்டாகவே அடங்கிப் போயிருக்கும். ஒவ்வொரு கண்ணியும் எப்படித் தாங்கியது, எங்கே அறுந்துபோகும் நிலைக்கு வந்தது என்பதைப் பார்ப்போம்.

பிரிவு நடந்த விதம்

மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தக் கரையை வணிகர்கள் நெற்கரை என்றே அழைத்தார்கள். சதுப்பில் நெல் விளைவிக்கத் தெரிந்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். தென் கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் நெல் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவு வேண்டியிருந்தது. சியரா லியோன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள பன்ஸ் தீவில் 1670 வாக்கில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை வழியாக, 18ஆம் நூற்றாண்டில் ஆயிரமாயிரம் பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். பெரும்பகுதியினர் கரீபியத் தீவுகளுக்குப் போனாலும், சார்ல்ஸ்டன், சவானா துறைமுகங்களில் இறக்கப்பட்டவர்களும் பலர். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. 1808 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவும் இறக்குமதிக்குத் தடை விதித்தது. திருட்டுத்தனமாக வந்த கப்பல்களை விட்டுவிட்டால், அமீலியாவின் முன்னோர் அதற்கு முன்பே கடல் கடந்திருக்க வேண்டும்.

கடலோரத் தீவுகளிலும் அவற்றை ஒட்டிய தாழ்நிலங்களிலும் இறக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் கல்லா-கீச்சி மக்கள் எனப்படுகிறார்கள். அமெரிக்காவின் மற்ற கறுப்பின மக்களைவிட ஆப்பிரிக்கச் சொற்களும் பழக்கங்களும் இவர்களிடம் அதிகம் தங்கியதற்குக் காரணம் எளிது. நெல் வயலின் தேங்குநீரில் மலேரியா பரவியது. வெயில் மாதங்களில் தோட்ட உரிமையாளர்கள் அங்கே தங்கமாட்டார்கள். வேலை செய்பவர்களில் கறுப்பினத்தாரே மிகப் பெரும்பான்மை. பல தீவுகளுக்குப் பாலம் வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். வெளியார் காது படாத இடத்தில் பழைய பேச்சு பிழைத்திருந்தது.

பதிவு: முதல் கண்ணி

லோரென்சோ டௌ டர்னர் 1890இல் பிறந்த கறுப்பின மொழியியலாளர். அவர் காலத்து அறிஞர்கள் பலர் கல்லா மொழியைச் சிதைந்த ஆங்கிலம், சோம்பேறி நாக்கின் பேச்சு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். டர்னர் நேரே ஊர்களுக்குப் போனார். 1932, 1933 ஆண்டுகளில் தென் கரோலினா, ஜார்ஜியா கரைகளில் வீடு வீடாகப் பதிந்தார். கையில் இருந்தது தட்டில் பதியும் கனமான கருவி. அக்காலத்து அலுமினியத் தட்டில் ஊசி பள்ளம் அழுத்திப் பதியும். திரும்பக் கேட்க நார் ஊசியோ முள் ஊசியோ வைக்க வேண்டும். எஃகு ஊசி வைத்தால் தடமே தேய்ந்துவிடும். அமீலியாவின் குரல் பிழைத்திருப்பதில் இந்தச் சின்ன எச்சரிக்கைக்கும் பங்கு உண்டு.

டர்னர் செய்தவற்றில் மூன்று, இந்த வழக்கின் உயிர்நாடி. பாடியவரைத் திருத்தவில்லை. பொருள் தெரியாத ஒலிகளை அர்த்தமில்லாத உளறல் என்று ஒதுக்காமல், ஒலிப்பியல் குறிகளால் உள்ளது உள்ளபடி எழுதினார். பிறகு இங்கிலாந்து சென்று ஆப்பிரிக்க மொழிகளைப் படித்து, ஒப்பிட ஆரம்பித்தார். சியரா லியோனிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவர் பாட்டைக் கேட்டதும், இது என் தாய்மொழியான மெண்டே என்று சொன்னார். 1949இல் வெளியான டர்னரின் கல்லா ஆய்வு நூலில் பாட்டு மூலமும் மொழிபெயர்ப்புமாக அச்சேறியது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் காத்துவைத்த ஆப்பிரிக்க மொழிப் பனுவல்களில் மிக நீளமானது இதுவே என்று கருதப்படுகிறது.

நூலில் ஏறியதோடு வேலை முடிந்ததாகவே அக்காலத்தில் நினைத்தார்கள். மொழி தெரிந்துவிட்டது, பொருளும் தெரிந்துவிட்டது. பாடிய குடும்பத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. அடுத்த 40 ஆண்டுகள் பாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. ஆய்வு எங்கே தேங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. பதிந்தவருக்கும் பாடியவருக்கும் இடையே திரும்பு வழி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பதிவும் பாதி வேலைதான்.

பாட்டு என்ன சொல்கிறது

எல்லாரும் கூடி வாருங்கள், பாடுபடுவோம், கல்லறை வேலை இன்னும் முடியவில்லை, இறந்தவர் நெஞ்சு முழு அமைதி பெறட்டும் என்று தொடங்குகிறது. திடீர்ச் சாவு, வெடிக்கும் துப்பாக்கியைப் போல எல்லார் கவனத்தையும் இழுக்கிறது என்கிறது. பெரியவர்களையும் குடும்பத் தலைவர்களையும் கூப்பிடுகிறது. தூரத்தில் ஒலிக்கும் முரசைச் சாவுக்கு உவமையாகச் சொல்கிறது. மெண்டே மக்களிடம் பிறப்புச் சடங்கும் இறப்புச் சடங்கும் பெண்கள் பொறுப்பு. இது அவர்கள் கல்லறையருகே நடத்திய தெஞ்ஜாமி என்ற சடங்கில் பாடியது. தெஞ்ஜாமி என்றால் ஆற்றைக் கடத்தல். இறந்தவரை முன்னோரிடம் அனுப்பிவைக்கும் சடங்கு. ஒப்பாரியைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் இடம் உடனே புரியும்.

ஜார்ஜியாவில் அதே பாட்டு குழந்தைகளை ஆட்டிப் பாடும் பாட்டாக மாறியிருந்தது. சடங்கு போயிற்று, மொழி போயிற்று, பொருள் போயிற்று. ஒலி மட்டும் நின்றது. இந்த வழக்கில் வியந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். பொருள் தெரிந்திருந்தால் பாட்டு இவ்வளவு துல்லியமாக நின்றிருக்காது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. பொருள் தெரிந்தவர் வரியை மாற்றிப் பாடுவார், தனக்குப் பிடித்த சொல்லைச் சேர்ப்பார், நினைவு தப்பினால் ஒத்த பொருளுள்ள இன்னொரு சொல்லால் ஒட்டுப்போடுவார். பொருள் தெரியாதவருக்கு அந்த வசதி கிடையாது. அம்மா சொன்ன ஒலியை அப்படியே சொல்வது ஒன்றே வழி. குழந்தைகளோடு ஆடும்போது கையும் காலும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அசை விழுந்தால் ஆட்டமே குலையும். பாட்டைக் காத்த அச்சு அந்த ஆட்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெண்டே தொனி மொழி. சொல்லின் சுருதி ஏறினாலும் இறங்கினாலும் பொருள் மாறும். தவிர, சொல்லின் முதல் மெய் சூழலைப் பொறுத்து மாறும் இயல்பும் அதற்கு உண்டு: ஒரே சொல் ஓரிடத்தில் பகரத்திலும் வேறிடத்தில் வகரத்திலும் தொடங்கும், தகரம் லகரமாகும். இந்த இலக்கணம் தெரியாத தலைமுறைகளின் வாயில் இரண்டு நூற்றாண்டு உருண்ட பாட்டில் சில அசைகள் மழுங்காமல் இருக்க முடியாது. கல்லறை என்ற பொருளுள்ள ‘கம்பே’ போன்ற சில சொற்கள் தெளிவாக நின்றதால், அவற்றைக் கம்பமாக நட்டு மழுங்கிய சொற்களை மீட்க முடிந்தது. ஐந்து வரி இருந்ததும் உதவியது. ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தால் எந்த மொழியாகவும் அதைக் கேட்டிருக்கலாம்.

அப்படி ஒரு வரி மட்டும் மிஞ்சிய வழக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், தம் பாட்டனாரின் பாட்டி பாடிய ஆப்பிரிக்கப் பாட்டு ஒன்றை இசைக்குறிப்போடு அச்சிட்டார். சொற்களின் பொருள் தங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் ஒவ்வொரு மொழியாகப் பொருத்திப் பார்த்தும் எல்லாரும் ஏற்கும் முடிவு வரவில்லை. பாட்டு குட்டையானது. ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்து ஆங்கில எழுத்து. பாடிய குரலின் பதிவு கிடையாது. அமீலியாவின் பாட்டுக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த நான்கில் அடங்குகிறது. அன்பிலோ நினைவின் ஆழத்திலோ அந்தக் குடும்பம் எள்ளளவும் குறைந்ததல்ல.

தேடல்

1980களின் இறுதியில், பன்ஸ் தீவை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜோசப் ஓப்பாலா, கல்லா மக்களுக்கும் சியரா லியோனுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்தார். 1989இல் கல்லா மக்களின் குழு ஒன்று சியரா லியோனுக்கு முதல் தாயகப் பயணம் போனது. அதைத் தொடர்ந்து ஓப்பாலா, இசைமானிடவியலாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் தசீஃப் கொரோமா மூவரும் டர்னரின் பதிவைக் கையில் எடுத்தார்கள்.

மெண்டே மொழி சியரா லியோனின் தெற்கிலும் கிழக்கிலும் பரந்து பேசப்படுவது. நாட்டின் மிகப் பெரிய மொழிக்குழுக்களில் ஒன்று. மெண்டே என்று அறிந்ததால் மட்டும் ஓர் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. கொரோமா பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதில் ஒரு சொல் தென்பகுதி வட்டார வழக்குக்கு உரியது என்று அடையாளம் கண்டார். தேடல் பரப்பு சட்டென்று சுருங்கியது. மெண்டேயைத் தாய்மொழியாகக் கொண்டவர் குழுவில் இல்லாமல், அகராதியை வைத்துக்கொண்டு வெளிநாட்டார் மட்டும் உட்கார்ந்திருந்தால் இந்தச் சொல் தப்பியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஊர் ஊராகப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பல இடங்களில் சொற்கள் புரிந்தன, பாட்டு தெரியவில்லை. காரணம் உண்டு. இஸ்லாமும் கிறிஸ்தவமும் பரவிய பிறகு தெஞ்ஜாமி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வழக்கொழிந்துவிட்டது. சடங்கு நின்றால் சடங்குப் பாட்டுக்கு வேலையில்லை. செனஹுன் ங்கோலாவில்தான் ஷ்மிட் பெந்து ஜபாட்டியைச் சந்தித்தார். சடங்கு நின்ற பிறகும் பெந்துவின் பாட்டி பாட்டை விடவில்லை. பேத்திக்குக் கற்றுக்கொடுத்தார். பிரிந்துபோன நம் சொந்தங்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள், இந்தப் பாட்டால் அவர்களை நீ அடையாளம் கண்டுகொள்வாய் என்று சொல்லிவைத்தார்.

இரு கரையிலும் பாட்டு பிழைத்தது அதன் முதல் வேலை தொலைந்த பிறகுதான். ஒரு கரையில் குழந்தை ஆட்டம் என்ற புது வேலை கிடைத்தது. மறுகரையில் அடையாளச் சின்னம் என்ற புது வேலையைப் பாட்டி கொடுத்தார். இனிமை மட்டும் எந்தப் பாட்டையும் இருநூறு ஆண்டுகள் சுமக்காது. அதற்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலையை ஏற்க ஓர் ஆள் வேண்டும்.

ஆப்பிரிக்க முனை கிடைத்ததும் குழு ஜார்ஜியாவுக்குத் திரும்பியது. இங்கேதான் நூல் அறுந்துபோகும் நிலை. 1942இல் போர்க்கால விமானத்தளம் அமைக்க ஹாரிஸ் நெக் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1962 முதல் அது வனவிலங்குப் புகலிடம். டர்னர் பதிந்த முகவரியே இல்லாமல் போயிருந்தது. ஆனாலும் அந்த மக்கள் அருகிலேயே தங்கியிருந்தார்கள். அமீலியாவின் மகள் மேரி மோரன் அப்போது எழுபது வயதை நெருங்கியவர். அம்மா பாடுவாரா என்று கேட்டபோது அவர் பாட்டையே பாடிக்காட்டினார். டர்னர் கருவியை இயக்கிய காலத்தில் அவர் சிறுமி. குடும்பத்தோடு நகரங்களுக்குச் சிதறிப் போயிருந்தால் இந்த ஆய்வில் மகள் என்ற கண்ணியே கிடைத்திருக்காது.

சான்றின் எடை

பதிவைப் போட்டுக் காட்டி இது தெரியுமா என்று கேட்பது பலவீனமான சோதனை. விருந்தாளியை ஏமாற்றமடையச் செய்ய யாருக்கும் மனம் வராது. ஆமாம் என்று சொல்வது மரியாதை. ஒருமுறை ஊரில் ஒலித்துவிட்டால் அடுத்தவர் அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டு பாடவும் கூடும். பெந்துவின் சாட்சியம் கனப்பது வேறு காரணத்தால். பதிவில் இல்லாத செய்திகளை அவர் கொடுத்தார்: எந்தச் சடங்கு, யார் பாடுவது, யாரிடம் கற்றது, ஏன் காத்தது. ஜார்ஜியாவிலிருந்து போன ஒலித்தட்டில் இவை எதுவும் கிடையாது. பாட்டின் பொருளோ கல்லறையைப் பற்றியது. அவர் சொன்ன சடங்கும் கல்லறைச் சடங்கு. தனித்தனியாக வந்த இரண்டு செய்திகள் ஒன்றில் ஒன்று பொருந்தின.

மெட்டை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் நாம் இந்த வழக்கை ஏற்றிருக்க மாட்டோம். ஐந்தே சுரத்தில் அமையும் குறுகிய மெட்டுகள் உலகெங்கும் தற்செயலாக ஒத்துப்போகும். பல சொற்கள் தொடர்ந்து, அதே வரிசையில், அதே வட்டார வடிவில் ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது.

அதே சமயம், பாட்டு எதை நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேரியும் பெந்துவும் ஒரே வயிற்று வழி வந்தவர்கள் என்று அது நிறுவவில்லை. அமீலியாவின் மூதாதைப் பெண் அந்தச் சடங்கு நடந்த வட்டாரத்திலிருந்து வந்தவர், அந்தப் பெண்களோடு நின்று பாடியவர் அல்லது பாடியவர்களின் மகள் என்ற அளவுக்கு அது உறுதி தரும். அடிமை வணிகத்தில் பெயரும் ஊரும் பறிக்கப்பட்டவர்களின் வாரிசுக்கு அந்த அளவே கிடைப்பது அரிது. ஆவண வழியில் கிடைத்த இன்னொரு வழக்கோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1756இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பன்ஸ் தீவிலிருந்து ஹேர் என்ற கப்பலில் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுபோகப்பட்டாள்; பிரிசில்லா என்று பெயரிட்டார்கள். கப்பல் கணக்கு, விற்பனைச் சீட்டு, தோட்டப் பதிவேடு எல்லாம் தப்பியிருந்ததால் அவளுடைய வழித்தோன்றலை ஆள் பெயரோடு காட்ட முடிந்தது. 2005இல் அவர் சியரா லியோன் சென்றார். அங்கே காகிதம் வம்சத்தைக் காட்டியது, அவளுடைய சொந்த ஊரையும் இயற்பெயரையும் காட்டவில்லை. இங்கே பாட்டு ஊர்ப்பக்கத்தைக் காட்டியது, வம்ச வரிசையைக் காட்டவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று குறைநிரப்பும் சான்றுகள். ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விடுவது தவறு.

திரும்பல்

ஊரும் குடும்பமும் தெரிந்த பிறகும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1991 மார்ச்சில் சியரா லியோனில் உள்நாட்டுப் போர் வெடித்தது. தெற்கும் கிழக்கும் முதலில் எரிந்தன. பயணம் நினைத்தே பார்க்க முடியாததாயிற்று. 1996 நவம்பரில் அபிஜான் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த இடைவெளியில்தான், 1997இல், மேரி குடும்பத்தோடு போய்வர முடிந்தது. அதே ஆண்டு மே 25 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கதவு மறுபடி மூடியது. சில மாதம் தள்ளிப்போட்டிருந்தால் சந்திப்பே நடந்திருக்காது. மூத்தவர்கள் சம்பந்தப்பட்ட தேடலில் பணம், அனுமதி, ஏற்பாடு எல்லாம் முழுமையாகும் வரை காத்திருப்பது பேராபத்து.

ஊர்த் தலைவர் நபி ஜா தொண்ணூறு வயதை எட்டியவர். வழக்கொழிந்த தெஞ்ஜாமியை மேரிக்காக மறுபடி நடத்த ஏற்பாடு செய்தவர் அவரே. பாட்டு சடங்கை விட்டுப் பிரிந்து கடல் கடந்து போயிருந்தது. இப்போது பாட்டு திரும்பி வந்து சடங்கை எழுப்பியது. மெண்டே மக்களின் இளந்தலைமுறை தங்கள் சொந்தப் பழமையை விருந்தாளியின் வருகையால் கண்ணால் கண்டது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத சந்திப்பு அது.

அடிமையாகப் போன பெண் எத்தனையோ பாட்டுகளுக்கு நடுவே இதை ஏன் தேர்ந்தெடுத்துக் காத்தாள் என்று ஓப்பாலா நபி ஜாவிடம் கேட்டார். அவள் எடுத்துப்போகக் கூடியவற்றில் மிக மதிப்புள்ளது அதுதான், முன்னோர் அனைவரோடும் அவர்கள் ஆசியோடும் அவளைக் கட்டிவைப்பது அந்தப் பாட்டு என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். ஒருவர் எந்த மொழியில் அழுகிறாரோ அதை வைத்து அவர் யாரென்று அறியலாம் என்ற மெண்டே பழமொழியையும் சேர்த்துச் சொன்னார். இந்த நிகழ்வுகளைப் பற்றி 1998இல் வந்த ஆவணப்படம் அந்தப் பழமொழியிலிருந்தே தலைப்பை எடுத்துக்கொண்டது.

திரைக்கதைக்கும் தேடலுக்கும்

பிரிந்த குடும்பத்தைப் பாட்டு சேர்க்கும் கதை நம் திரைக்குப் புதிதல்ல. 1973இல் இந்தியில் வந்து, 1975இல் ‘நாளை நமதே’ என்று தமிழான படத்தில் மூன்று சகோதரர்களை ஒரு குடும்பப் பாட்டு சேர்த்துவைத்தது. திரையில் ஒரு பல்லவி போதும், அடையாளம் தெரிந்துவிடும். அது நாடக மரபு, தவறில்லை. ஆனால் அந்தக் காட்சி நம்பும்படி அமைய, அமீலியாவின் வழக்கு சில நிபந்தனைகளைக் கற்றுத்தருகிறது. பாட்டு குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. ஊரே பாடும் பாட்டு எதையும் நிரூபிக்காது. பிரிவதற்கு முன் பாட்டுக்கு வீட்டில் ஒரு வேலை இருந்ததைக் காட்ட வேண்டும்: தூங்கவைக்க, ஆட, அழ. பிரிந்த ஒவ்வொருவரிடமும் அது கொஞ்சம் வேறு வடிவில் தேய்ந்திருக்க வேண்டும். இருவரும் அச்சுப் பிசகாமல் பாடினால் அது ஒலித்தட்டாகிவிடும். ஒருவர் மறந்த வரியை மற்றவர் நிரப்பும் கணத்தில்தான் காண்பவர் நெஞ்சு உருகும். அந்த வரி முதல் முறை பாடும்போதே காதில் விழுந்திருக்க வேண்டும். மூன்றாம் முறைக்கு மேல் அதே பாட்டை அதே வடிவில் இழுத்தால் சலிப்புத் தட்டும்.

உண்மையிலேயே ஒரு பாட்டின் துணையோடு சொந்தங்களைத் தேடுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது பதிவு. கைப்பேசி போதும், வாயிலிருந்து 30 செ.மீ. தூரம், மின்விசிறியும் தொலைக்காட்சியும் அணைத்த அறை. சுருக்காத ஒலிக்கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அமைப்பில் வைப்பது நல்லது. மெல்லொலிகளும் சுருதி இறக்கமும் அதில் தெளிவாக நிற்கும். குறைந்தது மூன்று முறை, வேறு வேறு நாளில் பாடச் சொல்ல வேண்டும். மூன்றிலும் மாறாத அசைகள்தாம் எலும்பு. மாறுபவை பாடுபவரின் அப்போதைய நினைவு. பிறகு மெட்டில்லாமல் சொல்லாக மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல்ல வேண்டும். பலருக்கு அப்படிச் சொல்ல வராது, இடையில் நின்றுவிடுவார்கள். நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாத பாட்டில் சொல் எங்கே பிரிகிறது என்பதற்கு அவை குறிப்புத் தரும்.

அருகில் இருப்பவர்கள் வரியை எடுத்துக்கொடுக்கக் கூடாது. இதுதான் அடிக்கடி நடக்கும் கேடு. பேரப்பிள்ளைகள் ஆசையாக, பாட்டி, அப்படியில்லை, இப்படி என்று திருத்துவார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். 80 ஆண்டு காத்த ஒலி அங்கே தொலையும். பொருள் தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களை நமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதுவதும் அதே கேடு. காதில் விழுந்த ஒலியை எழுதி, ஐயத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். யாரிடம் கற்றது, எப்போது பாடுவது, எப்போது பாடக் கூடாது, பாடும்போது கை என்ன செய்யும் என்ற நான்கு கேள்விக்கும் பதில் பதிவில் இருக்க வேண்டும். செனஹுன் ங்கோலாவில் வழக்கை நிறுவியது பாட்டைச் சுற்றியிருந்த இந்தச் செய்திகளே.

மறுமுனையில் விசாரிக்கும்போது பதிவை முதலில் போடாதீர்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் உங்கள் ஊரில் என்ன பாடுவார்கள் என்று கேட்டு, தாமாகப் பாடுவதைப் பதிந்த பிறகு, தொடர்பில்லாத மூன்று நான்கு பாட்டுகளோடு கலந்து போட்டுக்காட்டுங்கள். ஒருவர் கேட்கும்போது மற்றவர் வெளியே இருக்கட்டும். திரைப்படம், வானொலி, பள்ளி வழியாகப் பரவிய பாட்டா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பாதித் தேடல்கள் அங்கேயே முடிந்துவிடும். அது தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். வரிகள் பொருந்தினால், உறவைப் பற்றி வாய்விடுவதற்கு முன் பதிவேடுகளையும், இருதரப்பும் விரும்பினால் மரபணுச் சோதனையையும் நாடலாம். முதியவர் ஒருவரிடம் சொந்தம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று திரும்பப் பெறுவது மிகக் கொடிய காயம்.

பதிவின் ஒரு பிரதி பாடியவர் வீட்டிலும், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும், ஒன்று பொதுக் காப்பகத்திலும் இருக்க வேண்டும். டர்னரின் பதிவுகள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் மரபிசைக் காப்பகத்தில் உள்ளன. ஹாரிஸ் நெக்கில் ஒரு பிரதி இருந்திருந்தால், மேரி மோரன் தன் அம்மாவின் குரலை எழுபது வயது வரை காத்திராமல் கேட்டிருப்பார்.